லயத்து வாசலில் நின்றே பறவை எண்ணலாம்

பெப்ரவரி நடுப்பகுதியில் வெள்ளி தொடங்கி திங்கள் வரை நாலு நாள், உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் வீட்டைச் சுற்றி வருகிற பறவைகளை எண்ணிப் பதிவு செய்கிறார்கள். கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட் என்று பெயர். 1998இல் அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் கூடமும் ஆடபன் என்கிற பறவைப் பாதுகாப்புச் சங்கமும் ஆரம்பித்த வேலை, 2013இலிருந்து எந்த நாட்டுக்காரரும் சேரலாம். காசு கட்டத் தேவையில்லை, பைனாகுலர்கூடக் கட்டாயமில்லை.

அபூர்வப் பறவையைத் தேடி அலையாதீர்கள். நுவரெலியா விக்டோரியா பார்க்குக்கும் ஹக்கலைக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் பெரிய கெமராவோடு போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆறுமணிக்குருவியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தலவாக்கலைப் பக்கத்திலோ அப்புத்தளைப் பக்கத்திலோ ஒரு லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுக்குப் பின்னால், கோவாப் பாத்தியில் காலையில் என்ன வந்து உட்காருகிறது என்று எழுத அங்கே குடியிருக்கிற நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்? காக்கையும் மைனாவும்தான் வந்தது என்றாலும் அதை எண்ணிக்கையோடு எழுதுங்கள். நாளைக்கு அதுகள் குறைந்தால் குறைந்தது என்று சொல்ல இந்தப் பழைய கணக்குத்தான் வேண்டும்.

ஃபோனில் இரண்டு ஆப் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசம். பட்டியலைப் பதிய இ-பேர்ட், பறவையை அடையாளம் பார்க்க மெர்லின். இலங்கைக்கான பறவைத் தொகுப்பை வைஃபை கிடைக்கிற இடத்திலேயே முன்கூட்டி இறக்கி வைத்துவிடுங்கள், ஏனென்றால் மலைக்குள் சிக்னல் வரும், போகும். சிக்னல் இல்லாவிட்டாலும் இ-பேர்ட்டில் எண்ணிச் சேமிக்கலாம், அப்புறம் டவுனுக்குப் போகும்போது அனுப்பினால் போதும். ஒரு கொப்பியும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும், குளிரில் விரல் மரத்துப்போனால் ஃபோனைவிட அதுதான் கைகொடுக்கும்.

குறைந்தது 15 நிமிடம் எண்ண வேண்டும். நல்ல நேரம் காலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரைக்கும். வேலை நாளில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு ஓடுகிற வீட்டில் இது நடக்காது, ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம். பனிமூட்டம் இறங்கி எதிர் மரமே தெரியவில்லை என்றால் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், அது விலகியதும் பறவைகள் வெயில் காய வெளியே வரும். ஒரே இடத்தில் நின்று எண்ணுங்கள். தேயிலை மலைக்குள் இறங்க வேண்டாம், குளவிக்கூடு எந்தச் செடிக்குள் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும். பைனாகுலர் வைத்திருப்பவர்கள் முதல் நாளே அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள், எதிர் லயத்துப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றால் பறவை பார்க்கிறேன் என்று சொல்லி யாரும் நம்பமாட்டார்கள்.

எண்ணுகிறதில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். கொய்யா மரத்துக்கு ஒரு கொண்டைக்குருவி வருகிறது, போகிறது, திரும்ப வருகிறது. அது மூன்று குருவியா, ஒரே குருவியா? ஒரே நேரத்தில் அதிகமாக எத்தனை கண்ணில் பட்டதோ அதை எழுதுங்கள். கண்ணால் பார்க்காமல் குரல் மட்டும் கேட்டாலும், இன்ன பறவை என்று நிச்சயமாகத் தெரிந்தால் சேர்க்கலாம். வீட்டுக் கோழியைச் சேர்க்காதீர்கள். ஆனால் கொண்டை சிவப்பாகவும் அதன் நடுவில் மஞ்சளாகவும் ஒரு சேவல் மலையோரத்தில் நின்றால் அது காட்டுக்கோழி, நம் நாட்டின் தேசியப் பறவை, அதைத் தாராளமாகச் சேருங்கள்.

கஷ்டம் கொடுக்கிறது வெள்ளைக்கண்ணி. கட்டைவிரல் அளவுக்குப் பச்சைக் குருவி, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், கூட்டமாக வந்து ஒரு நிமிடம்கூட நிற்காமல் கிளை கிளையாகத் தாவிப் போய்விடும். இலங்கையில் இது இரண்டு இனம். மலையில் அதிகமாகக் காண்பது வேறெந்த நாட்டிலும் இல்லாத நம்முடைய இனம், முதுகு கரும்பச்சை, கண்ணுக்கு முன்னால் வளையம் நன்றாக அறுந்து அந்த இடம் கறுப்பாக இருக்கும். மற்றது வெளிர்மஞ்சள் கலந்த பச்சை. இடைப்பட்ட உயரத்தில் இரண்டுமே வரும், சந்தேகமாக இருந்தால் பொதுவாக வெள்ளைக்கண்ணி என்று போடவும் ஆப்பில் இடம் இருக்கிறது. கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணப் பார்க்காமல் முதலில் ஐந்தை எண்ணி, அந்த ஐந்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டு, மிச்சத்தில் அப்படி எத்தனை ஐந்து என்று பாருங்கள்.

மரக்கறிப் பாத்தியில் போஞ்சிக் கம்பு நுனியில் உட்கார்ந்து, சட்டென்று தரையில் இறங்கிப் பூச்சியைக் கொத்திக்கொண்டு திரும்பவும் அதே கம்புக்கு வருகிற சின்னக் கறுப்புக் குருவி புதர்ச்சிட்டு. அதன் சிறகில் வெள்ளைத் திட்டு இருப்பதால் பலர் குண்டுக்கரிச்சான் என்று பதிந்துவிடுகிறார்கள். குண்டுக்கரிச்சான் அதைவிடப் பெரிது, வயிறு வெள்ளை, நீண்ட வாலைத் தூக்கித் தூக்கிக் காட்டும். தவிட்டு நிறத்தில் கூடவே திரிகிறது புதர்ச்சிட்டின் பெட்டை, அதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். தண்ணீர் விழுகிற பீலிப் பக்கம் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கிற சாம்பல் வாலாட்டிக்குருவியையும் விட்டுவிடாதீர்கள், குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்த விருந்தாளி அது.

மெர்லின் சொல்கிறதை அப்படியே நம்ப வேண்டாம். குரலைக் கேட்டு அது ஒரு பெயரைக் காட்டினால், அந்தப் பறவையைக் கண்ணால் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையைக் கூப்பிடுகிற வேலையும் வேண்டாம், அதுகள் கூடு கட்டுகிற வேலையை விட்டுவிட்டு எதிரி வந்துவிட்டதென்று பதறும்.

கடைசியில் இ-பேர்ட், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதிவிட்டீர்களா என்று கேட்கும். காக்கையை விட்டுவிட்டு அழகானதை மட்டும் எழுதியிருந்தால் இல்லை என்று சொல்லுங்கள். நிறையப் போட்டிருந்தாலோ வழக்கமில்லாத பறவையைப் போட்டிருந்தாலோ சரிபார்க்கிற தன்னார்வலர் ஒருவர் விவரம் கேட்டு எழுதக்கூடும், கோபப்படாமல் பார்த்ததைச் சொல்லுங்கள், படம் இருந்தால் அனுப்புங்கள். அந்த நாலு நாளும் தினமும் எண்ணலாம், ஒவ்வொரு தடவைக்கும் புதுப் பட்டியல் போடவேண்டும். தேதி தப்பிப் போனாலும் இ-பேர்ட் வருடம் முழுக்கத் திறந்துதான் இருக்கிறது.