பழைய வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள்: காப்பாற்றப் போய்க் கெடுக்கும் தவறுகள்

கண்ணாடியைக் கீழே போடாதே, ஈயம் தொட்ட கையோடு சாப்பிடாதே என்பதெல்லாம் பட்டறையில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். பிரான்ஸ் தேவாலயங்களின் 12, 13ஆம் நூற்றாண்டுச் சாளரங்களில் புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்வது வேறு.

காப்புக் கண்ணாடியைக் காற்றுப் புகாமல் அடைப்பது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. அக்காலக் கண்ணாடி மரச் சாம்பல் சேர்த்து உருக்கியது. பொட்டாசியமும் கால்சியமும் அதிகம், சிலிக்கா குறைவு. ஈரம் தங்கினால் பொட்டாசியம் கசியும். காற்றின் கந்தகமும் சேர்ந்து ஜிப்சம் பொருக்கு படியும், பரப்பில் குழி விழும். மழையைத் தடுக்க வெளியே இன்னொரு கண்ணாடி, அதாவது காப்புக் கண்ணாடி, போடுவது அதனால்தான்.

தூசி வருகிறதென்று இடுக்கையெல்லாம் சிலிக்கோனால் அடைத்தால், சிக்கிய ஈரத்தில் பழைய கண்ணாடியே வியர்க்கும். சாளர ஓவியத்தின் முகக்கோடும் துணி மடிப்பும் கிரிசாய்: இரும்பு அல்லது செம்பு ஆக்சைடைக் கண்ணாடிப் பொடியோடு குழைத்துத் தீட்டி, ஏறத்தாழ 600 டிகிரியில் சுட்ட கறுப்பு. அது பெரும்பாலும் உட்பக்கத்தில் இருக்கும். உதிர்ந்தால் வெறும் நிறத் துண்டுதான் மிச்சம்.

பழைய கல் பள்ளத்தில் புதுக் கண்ணாடியைப் பொருத்துங்கள். அசலைச் சட்டமிட்டுச் சில சென்டிமீட்டர் உள்ளே தள்ளி நிறுத்துங்கள். அடியிலும் உச்சியிலும் திறப்பு வேண்டும். இரண்டும் தேவாலயத்தின் உட்புறம் பார்க்க வேண்டும். அப்போது அசலின் இரு முகத்திலும் ஒரே காற்று. வியர்வை புதுக் கண்ணாடிக்குப் போகும். அது வடிய அடியில் ஈயத் தகட்டு வாய்க்கால். பக்க ஓரங்களில் கசியும் வெளிச்சத்தை ஈயப் பட்டையால் மறைக்கலாம், மேல், கீழ்த் திறப்புகளைத் தொடக்கூடாது.

பாரிஸின் சேன்ட் ஷப்பேல் தேவாலயத்தில் 2008 முதல் 2015 வரை நடந்த பணியில், வெளிக் கண்ணாடியைச் சூடேற்றி அசலின் மேடுபள்ளத்துக்கு வளைத்தார்கள். வெளியிலிருந்து தட்டையாகப் பளபளக்காது. செலவுதான், ஆனால் தகும்.

வெளிப்பக்கம் பிசின் பூசுவது

1970களில் ஷார்த்ர் பேராலய மேற்கு முகப்பின் 12ஆம் நூற்றாண்டுச் சாளரங்களில் பிசின் பூசி, பெரும் சர்ச்சை ஆனது. பூச்சு விரிசல் விட்டால் ஈரம் அடியில் மாட்டிக்கொள்ளும்.

அமிலக் கழுவல்

வேண்டாம்.

தேதியில்லா மாற்றுத் துண்டு

19ஆம் நூற்றாண்டில் சேன்ட் ஷப்பேலில் சேர்த்த துண்டுகளை அசலிலிருந்து பிரிக்க நிபுணர்களே திணறுகிறார்கள். துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டைக்குள் மறையும் ஓரத்தில் ஆண்டைக் கீறிவிடுங்கள்.

எல்லா இழப்புக்கும் பிரெஞ்சுப் புரட்சிமேல் பழி

பாரிஸ் நோத்ர் தாமின் இடைக்காலச் சாளரங்களில் பெரும்பாலானவை புரட்சிக்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே போய்விட்டன. வெளிச்சம் வேண்டுமென்று குருமார்களே வெள்ளைக் கண்ணாடி போடச் சொன்னார்கள். அதைச் செய்த பியேர் லெ வியேய்தான் அந்தக் கலை பற்றி விரிவான நூலும் எழுதினார்! ‘புரட்சியில் அழிந்தது’ என்று அறிக்கையில் எழுதுமுன் ஆலயக் கணக்கேடுகளைப் புரட்டுங்கள்.