கல் சுவர் வீட்டுக்கு ஆபீஸ் தர வைஃபை: இரண்டு ஆக்சஸ் பாயின்ட் வைத்து அமைக்கும் முறை

குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய பங்களாக்களில் ஒன்றரை அடிக் கருங்கல் சுவர் சாதாரணம். ஹாலில் இருக்கும் ஃபைபர் மோடத்தின் சிக்னல் ஒரு சுவரைத் தாண்டவே திணறும். இரண்டாவது சுவருக்கு அப்பால் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கிட்டத்தட்டக் கிடையாது. பலரும் உடனே ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) வாங்குகிறார்கள். அதுவும் அதே கல்லைத் துளைத்துத்தான் மோடத்தோடு பேச வேண்டும், பிறகு வேகம் எங்கிருந்து வரும்? சுவரைத் தாண்டும் வேலையைக் கேபிளிடம் கொடுங்கள். கேபிள் முனையில் ஆக்சஸ் பாயின்ட் என்ற வைஃபை பெட்டியை வைத்தால், வைஃபை அந்தந்தப் பகுதிக்குள் மட்டும் ஓடும். ஹோட்டல்களில் இப்படித்தான் செய்கிறார்கள். அங்கிருந்து கழற்றிய பெட்டிகள் சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் பழைய சாமானாகக் கிடைக்கின்றன.

வாங்கும்போது

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ரக்கஸ் நிறுவனத்தின் ஆர்510 ஆக்சஸ் பாயின்ட் நல்ல தேர்வு. இதில் ‘அன்லீஷ்ட்’ ஃபர்ம்வேர் (பெட்டியின் உள் மென்பொருள்) ஏற்றினால், எல்லாப் பெட்டிகளையும் நிர்வகிக்கும் தனிக் கன்ட்ரோலர் தேவையில்லை, ஒரு பெட்டியே மற்றவற்றுக்குத் தலைமை தாங்கும். விலை குறைவு என்று சிஸ்கோவின் ‘லைட்வெயிட்’ வகையை எடுத்துவிடாதீர்கள். கன்ட்ரோலரைத் தேடி விளக்கை மாற்றி மாற்றிச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். வேறு ஃபர்ம்வேர் ஏற்றிச் சரிசெய்ய முடியும் என்றாலும் முதல் முயற்சிக்கு அது ஏற்ற வேலை அல்ல.

பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். மாடல் எண் ‘டபிள்யூ டபிள்யூ 00’ என்று முடிந்தால் வாங்கலாம். ‘யூ எஸ் 00’ என்றால் அமெரிக்காவுக்குப் பூட்டப்பட்டது, நாட்டை இந்தியா என்று மாற்ற முடியாது.

வேண்டியவை: ஆர்510 இரண்டு, 802.3ஏ.எஃப். தரத்தில் நான்கு போர்ட்டுக்கு மின்சாரம் தரும் கிகாபிட் பி.ஓ.இ. சுவிட்ச் ஒன்று (நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரமும் தருவது, மொத்தம் 60 வாட் போதும்), முழுச் செம்பு கேட் 6 கேபிள் சுமார் 60 மீட்டர், ஆர்.ஜே.45 பிளக் பத்து, கிரிம்பிங் டூல், கேபிள் டெஸ்டர். 24 வோல்ட் ‘பாசிவ்’ பி.ஓ.இ. சுவிட்சைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள், ஆர்510 அதில் உயிர் பெறாது.

கேபிள்

பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. மலிவான கேபிள் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. ஒரு இழையை உரித்து பிளேடால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம், சுரண்டச் சுரண்டச் செந்நிறமாகவே இருந்தால் செம்பு. அலுமினியத்தில் மின்தடை அதிகம். நீளம் கூடும்போது வோல்ட்டேஜ் இறங்கி, ஆக்சஸ் பாயின்ட் நடுராத்திரியில் தானாக ரீஸ்டார்ட் ஆகும். காரணம் தெரியாமல் பெட்டியை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

கருங்கல்லைத் துளைப்பதைவிட மர ஜன்னல் சட்டத்தைத் துளைப்பது எளிது. துளை வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கட்டும். கேபிள் உள்ளே நுழையும் முன் ஒரு கையகலத்துக்குக் கீழே தொங்கி, வளைந்து மேலேறி நுழைய வேண்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், ஜன்னலுக்குள் ஓடி வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வளைவு இல்லாத இணைப்புகள்தான் முதலில் பச்சை பூத்துக் கெடும். வெளியே போகும் கேபிளைக் குழாய்க்குள் விடுங்கள். இல்லையென்றால் குரங்கு இழுத்துவிடும்.

பிளக்கில் நிற வரிசை இரு முனையிலும் இதுவே: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. எட்டில் ஒன்று சரியாகக் கடிக்காவிட்டாலும் இணைப்பு 1000-க்குப் பதில் 100 மெகாபிட்டில் நிற்கலாம். சுவிட்சின் வேக விளக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அவுட்ஹவுஸுக்குச் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கும் இடையே வோல்ட்டேஜ் ஏறி, இரு முனையிலும் உள்ள கருவிகள் எரியும். மலையில் அடியில் பாறை என்பதால் எர்த்தும் பெரும்பாலும் பலவீனம். ஃபைபரும், அதைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் இரண்டும் போடுங்கள். ஒற்றை இழை வகை என்றால் ஒன்று ‘ஏ’, மற்றது ‘பி’. ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பும், இன்னொன்று 1550-இல். இரண்டும் ‘ஏ’ என்றால் லிங்க் விளக்கு எரியவே எரியாது. ஃபைபரைத் தாழ்வாகத் தொங்கவிட்டால் காட்டெருமைக் கொம்பு அறுத்துவிடும். தண்ணீர் லைனுக்குப் போடும் கறுப்புக் குழாயில் விட்டு மண்ணுக்குள் புதைப்பது உத்தமம்.

ஃபர்ம்வேர் ஏற்றுதல்

1. ரக்கஸ் ஆதரவுத் தளத்தில் கணக்கு திறந்து, ஆர்510-க்கான அன்லீஷ்ட் ஃபைலை இறக்குங்கள். மாடல் மாறினால் ஏறாது.

2. லேப்டாப்பையும் முதல் ஆக்சஸ் பாயின்ட்டையும் பி.ஓ.இ. சுவிட்சில் இணையுங்கள். மோடத்தை இப்போது சேர்க்க வேண்டாம். பெட்டி முழுதாகக் கிளம்பியதும் ரீசெட் துளையில் ஊசியால் பத்து நொடி அழுத்துங்கள். பழைய உரிமையாளரின் கடவுச்சொல் போய்விடும்.

3. லேப்டாப்பின் வைஃபையை அணைத்து, அதன் ஐ.பி. முகவரியை 192.168.0.10, மாஸ்க் 255.255.255.0 என்று வையுங்கள். பிரவுசரில் 192.168.0.1-ஐ எச்.டி.டி.பி.எஸ். முறையில் திறங்கள். பாதுகாப்பு எச்சரிக்கை வரும், தாண்டிப் போகலாம். பயனர் பெயர் ‘சூப்பர்’, கடவுச்சொல் ‘எஸ்.பி. ஹைஃபன் அட்மின்’ (sp-admin), எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில்.

4. மெயின்டெனன்ஸ், அப்கிரேட், லோக்கல் என்று போய் ஃபைலைக் கொடுங்கள். முடியும்வரை மின்சாரம் போகக் கூடாது, ஆகவே சுவிட்சை இன்வெர்ட்டர் பிளக்கில் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டாவது பெட்டிக்கும் இதே வேலை. இரண்டும் ஒரே பதிப்பில் இருக்கட்டும்.

அமைப்பு

லேப்டாப்பின் ஐ.பி.யைப் பழையபடி தானியங்கி முறைக்கு மாற்றிவிட்டு, சுவிட்சை மோடத்தில் இணைத்து முதல் பெட்டியை மட்டும் ஓட விடுங்கள். ‘கான்ஃபிகர் மீ’ என்று தொடங்கும் வைஃபை பெயர் தெரியும். போனை அதில் சேர்த்து அன்லீஷ்ட் ஆப்பைத் திறந்தால் வழிகாட்டும். நாடு இந்தியா. ‘கேட்வே’ வசதியைத் தொடாதீர்கள், ஐ.பி. கொடுக்கும் வேலை மோடத்திடமே இருக்கட்டும். இரண்டு பேர் கொடுத்தால் பிரிண்டர் ஒரு பக்கமும் போன் ஒரு பக்கமும் நிற்கும். பிறகு இரண்டாவது பெட்டியைச் செருகுங்கள், சில நிமிடத்தில் தானே வந்து சேர்ந்துகொள்ளும். மோடத்தின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள்.

தகரக் கூரைக்கும் பலகை சீலிங்குக்கும் இடையே பெட்டியை ஒளித்து வைக்க ஆசை வரும். வேண்டாம், தகரம் சிக்னலைத் திருப்பியடிக்கும். பலகைக்குக் கீழே, முகம் தரையைப் பார்க்க மாட்டுங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு சேனல் 1, மற்றதற்கு 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் எஸ்டேட் நடுவே தனி வீடு என்றால் அகலம் 80 வைக்கலாம். குன்னூர் பெட்ஃபோர்ட் போல நெருக்கமான இடத்தில் 40 போதும். 2.4-இன் பவரை 6 டெசிபல் குறையுங்கள். முழு பவரில் விட்டால் போன் தூரத்துப் பெட்டியையே கட்டிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பதற்கு மாறாது. விருந்தினருக்குத் தனிப் பெயர் கொடுத்து ‘கிளையன்ட் ஐசொலேஷன்’ (ஒருவர் கருவி இன்னொருவர் கருவியைத் தொட முடியாதபடி பிரிக்கும் வசதி) போடுங்கள்.

12 வோல்ட் மினி யூ.பி.எஸ். மோடத்துக்குச் சரி, பி.ஓ.இ. சுவிட்சுக்கு ஆகாது. வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டி, அதன் பின்புற சுவிட்சை ‘யூ.பி.எஸ்.’ நிலைக்குத் தள்ளுங்கள். சாதாரண நிலையில் கரன்ட் மாறும் நொடியில் எல்லாம் ரீஸ்டார்ட் ஆகி, மீண்டும் வர நாலைந்து நிமிடம் பிடிக்கும்.

கடைசியாக, வைஃபை அனலைசர் ஆப்போடு கதவுகளைச் சாத்திவிட்டு ஒவ்வொரு படுக்கையிலும் உட்கார்ந்து பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மைனஸ் 65 டி.பி.எம்.-ஐ விடப் பலவீனமாக, அதாவது மைனஸ் 70, 75 என்று காட்டும் அறையில் பவரைக் கூட்டிப் பயனில்லை. அங்கே மூன்றாவது பெட்டிக்குக் கேபிள் இழுங்கள், சுவிட்சில் போர்ட் மிச்சம் இருக்கிறது.