ஸ்டீயரிங் பாக்ஸ் ஆட்டம்: என் அனுபவம்

தென்னாப்பிரிக்காவிலிருந்து லெசோத்தோவுக்கு ஏறும் கரடுமுரடான சானி கணவாயில் ஏறி இறங்கியதிலிருந்து என் பழைய பக்கி (பிக்கப் வண்டி) நேராக ஓடவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கொஞ்ச தூரத்துக்குச் சக்கரம் அசையாது, அப்புறம் 'டக்' என்று பிடிக்கும். டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு) மாற்றியாச்சு, அலைன்மென்ட் பார்த்தாச்சு, ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் கியர் பெட்டி) மேலிருக்கும் ஸ்க்ரூவை இறுக்கினால் ஸ்டீயரிங் கனத்ததே தவிர ஆட்டம் போகவில்லை.

கடைசியில் தம்பியை உட்காரவைத்து, இன்ஜின் ஓட, சக்கரம் தார் ரோட்டில் அழுந்தியிருக்க, இடமும் வலமும் திருப்பச் சொல்லிவிட்டுக் கீழே குனிந்து பார்த்தேன். போல்ட் எல்லாம் இறுக்கம்தான், ஆனால் பாக்ஸோடு சேர்ந்து, அதைத் தாங்கும் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) தகடே வளைகிறது! சேற்றைச் சுரண்டியதும் பின் போல்ட் ஓட்டையிலிருந்து முடியளவு விரிசல், ஓரத்தில் செந்நிறத் துருப்பொடி. ஜாக்கியில் தூக்கிப் பார்த்தவரை இது தெரியவே இல்லை, பளு இல்லையே.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எனக்குத் தெரிந்த வெல்டர் அண்ணன்தான் செய்து கொடுத்தார். பேட்டரியைக் கழற்றி, பாக்ஸை இறக்கி, விரிசல் முடியும் இடத்தில் 3 மி.மீ. ஓட்டை போட்டு (இல்லாவிட்டால் விரிசல் மேலும் ஓடும்), சீவி வெல்ட் வைத்து, மேலே 6 மி.மீ. தகடு. தகட்டின் முனைகளைச் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள், சேஸிஸுக்குக் குறுக்கே நேர்க்கோட்டில் வெல்ட் விழுந்தால் அடுத்த விரிசல் அங்கேதான்.

ஆனால் விஷயமே போல்ட் ஓட்டைகளில் இருக்கிறது. சேஸிஸ் உள்ளே வெற்றுப் பெட்டி, அதில் போல்டை எவ்வளவு முறுக்கினாலும் தகடுதான் நசுங்கும், பிடிப்பு நிற்காது. ஒவ்வொரு ஓட்டையிலும் தடித்த இரும்புக் குழாய்த் துண்டைச் செருகி இரண்டு பக்கமும் வெல்ட் செய்தோம். இப்போது சத்தமும் இல்லை, ஆட்டமும் இல்லை. வண்டியைக் கொஞ்சம் ஓட்டிவிட்டுப் புது போல்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்தேன், ஒன்றுகூடத் தளரவில்லை.