இன்னும் 100 அடி போட்டால் தண்ணீர் வருமா? சென்னையில் தண்ணீர் சேமிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைக்காரர்கள் தண்ணீரைப் பற்றித் தீவிரமாகப் பேசுவது வருஷத்துக்கு இரண்டு தடவை. மே மாதம் லாரிக்குக் காத்திருக்கும்போது ஒரு தடவை, டிசம்பரில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது இன்னொரு தடவை. 2015 டிசம்பரில் பாதி ஊர் வெள்ளத்தில் கிடந்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்து இறங்கியது. ஒரு ரயிலுக்கு 50 வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர். இரண்டுக்கும் இடையில் நான்கு வருஷம்கூட ஆகவில்லை.

ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இது. வறண்ட ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தச் சில நாள் மழையை வாங்கி வைத்துக்கொள்வதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். கீழே சொல்லியிருக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அக்கறையுள்ளவர்கள், கைக்காசு போட்டுச் செய்கிறவைதான்.

"இன்னும் 100 அடி போடுங்க"

ஏப்ரலில் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, இருமத் தொடங்கியதும் அசோசியேஷன் கூட்டத்தில் முதலில் எழும் குரல் இது. உள்நாட்டு ஊர்களில் ஆழம் போனால் ஒருவேளை தண்ணீர் கிடைக்கலாம். கடலோரத்தில் ஆழம் போனால் கிடைப்பது பெரும்பாலும் உப்பு.

காரணம் எளிது. மழைநீரைவிடக் கடல்நீர் கொஞ்சம் கனமானது. அதனால் கரையோர மணலுக்குள் நல்ல தண்ணீர் மேலேயும் உப்புத் தண்ணீர் கீழேயுமாக, நீர்மேல் எண்ணெய் போல நிற்கின்றன. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கணக்கு. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே இருக்கும் தண்ணீரை 1 அடி இறைத்துத் தீர்த்தால், கீழேயிருக்கும் உப்பு காலப்போக்கில் 40 அடி மேலே ஏறி வர இடம் கொடுக்கிறோம். குப்பத்து மக்கள் கடற்கரை மணலில் கையாலேயே ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுத்துவந்ததும், பக்கத்திலேயே 200 அடி போர் போட்ட பங்களாவில் குழாயெல்லாம் உப்புப் பூத்துக் கிடப்பதும் இந்தக் கணக்கால்தான்.

வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் இது பெரிய அளவில் நடந்தது. விவசாயத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்குமாக இறைத்து இறைத்து, 1960களின் இறுதியிலேயே கடல்நீர் உள்ளே வந்துவிட்டதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகும் அது கிலோமீட்டர் கணக்கில் உள்நோக்கி நகர்ந்தது. தெற்கே திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை நீளும் மணல் பகுதிதான் இன்று கவலைக்குரியது. நகரத்தில் நிலத்தடி நீரை எடுப்பதற்கு 1987லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது என்பது போர் போடுகிற பலருக்கும் தெரியாது.

கடலோர மணல் பகுதியில் இருப்பவர்கள் செய்யக்கூடியது, ஆழம் குறைந்த கிணற்றில் மெதுவாக இறைப்பது. பெரிய மோட்டார் போட்டு ஒரே மூச்சில் 3 மணி நேரம் ஓட்டினால், குழாய்க்கு நேர் கீழே உப்பு கூம்பு போல மேலே இழுபடும். சின்ன மோட்டாரில் காலை அரை மணி, மாலை அரை மணி என்று பிரித்து ஓட்டினால் அந்த இழுப்பு குறையும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, பழைய கிணற்றைத் தூர்ப்பது. வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டும்போது முதல் வேலையாக இடிபாட்டைக் கொண்டுபோய்க் கிணற்றில் கொட்டிவிடுகிறார்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, அடையாறு என்று மணற்பாங்கான பழைய பகுதிகளில் ஒவ்வொரு கிணறும் லட்சக்கணக்கில் செலவழித்தாலும் திரும்பக் கிடைக்காத மழைநீர்த் தொட்டி. கார் நிறுத்த இடம் வேண்டுமென்றால் மேலே கான்கிரீட் மூடி போட்டுக்கொள்ளலாம், ஒன்றும் குறையாது.

"எங்க வீட்ல மழைநீர் சேகரிப்பு இருக்கே"

இருக்கிறது. வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி.

2003இல் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் வேறெந்தப் பெருநகரமும் அந்த வேகத்தில் இதைச் செய்ததில்லை என்று தாராளமாகப் பெருமைப்படலாம். அதற்கும் பல ஆண்டுகள் முன்பிருந்தே பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய் இதைச் சொல்லிவந்த சேகர் ராகவன், 2002இல் மழைநீர் சேகரிப்பை விளக்கும் 'மழை இல்லம்' என்ற மையத்தைத் தொடங்கி இன்றுவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் கெடுவுக்குள் முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் ஊர் முழுக்க நடந்த வேலையின் தரம் வேறு கதை. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாய் சுவரோரம் தரைக்குள் போகும், பார்க்கப் பிரமாதமாக இருக்கும். பக்கத்தில் இருக்கும் சிமென்ட் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தால், மூன்றடிக் குழியில் ஜல்லி, அதன்மேல் கையளவு கனத்துக்குக் கறுப்புச் சேறு, வேப்பிலைச் சருகு, ஒரு பழைய டென்னிஸ் பந்து. சில இடங்களில் அந்தக் குழாய் மண்ணில் ஒரு அடி புதைந்து அங்கேயே நின்றுவிடும், குழியே இருக்காது.

குழி ஒழுங்காக இருந்தாலும் அளவு போதாது. 1,000 சதுர அடி மாடியில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,600 லிட்டருக்கு மேல் விழும். மூன்றடிக்கு மூன்றடி, நான்கடி ஆழக் குழியின் கொள்ளளவு 1,000 லிட்டர்தான். அதையும் ஜல்லியால் நிரப்பிவிட்டால் இடுக்குகளில் தங்குவது 400 லிட்டர். மீதி அப்படியே தெருவுக்கு. அதே இடத்தில் மூன்றடி விட்டத்தில் 12 அடி ஆழத்துக்குச் சிமென்ட் உறை இறக்கினால், உள்ளே எதையும் போடாமல் 2,400 லிட்டர் பிடிக்கும். கீழேயும் பக்கத்துத் துளைகள் வழியாகவும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆள் இறங்கிச் சேறு வாரலாம். ஜல்லி போட்ட குழியில் அது முடியாத காரியம். உறைக்கிணற்றில் ஜல்லி வேண்டாம் என்று எத்தனை சொன்னாலும் மேஸ்திரிகள் கேட்பதில்லை. "ஃபில்டர் ஆகும் சார்" என்பார்கள். இலையையும் மண்ணையும் வழியிலேயே ஒரு சின்னத் தொட்டியில் தங்கவைத்துவிட்டால் போதும், கிணற்றுக்குள் வடிகட்டத் தேவையில்லை.

அடுத்தது மண். சென்னை முழுக்க ஒரே மண் இல்லை. திருவான்மியூர், சாந்தோம், தண்டையார்பேட்டை எல்லாம் மணல். அங்கே ஆழம் குறைந்த உறைக்கிணறே தாராளம். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், விருகம்பாக்கம் பக்கம் களிமண் அடுக்கு. மேலோட்டமான குழியில் விட்ட தண்ணீர் அங்கே வாரக்கணக்கில் கொசு வளர்த்துக்கொண்டு நிற்கும். களிமண்ணைத் தாண்டி மணல் தென்படும்வரை உறை இறக்கவேண்டும், அல்லது உறையின் அடியிலிருந்து ஒரு துளை போட்டு அந்த அடுக்குக்கு இறக்கவேண்டும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கத்தில் கொஞ்ச ஆழத்திலேயே பாறை. எதிர்வீட்டுக்காரர் போட்டதைப் பார்த்துப் போடுவதாவது பரவாயில்லை, அவருக்கும் உங்களுக்கும் ஒரே மண். அடையாறு மச்சானைக் கேட்டு அண்ணா நகரில் போடுவதுதான் வீண்.

மாடித் தண்ணீரை மட்டும் பிடித்துவிட்டு, கேட் வழியாக ஓடுவதை விட்டுவிடுவதும் வழக்கம். பார்க்கிங் முழுக்க டைல்ஸ் பதித்திருக்கும் ஃப்ளாட்டில் பாதி மழை அப்படித்தான் வெளியேறுகிறது. கேட்டுக்கு உட்புறம் குறுக்கே ஒரு சிறு கால்வாய் வெட்டி, இரும்புச் சல்லடை போட்டு, அதை ஓர் உறைக்கிணற்றுக்குத் திருப்பினால் அதுவும் உள்ளே நிற்கும். ஆனால் இந்தத் தரைத் தண்ணீரை நேரே போர் குழாய்க்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். எண்ணெயும் சேறும் இறங்கிக் கேசிங் குழாயின் துளைகளை அடைத்துவிட்டால் போர் போனதுதான். போருக்குள் விடுவதாக இருந்தால் வடிகட்டிய மாடித் தண்ணீர் மட்டும், அதுவும் மாடி அழுக்கைக் கழுவிவரும் முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்ட பிறகு. குளித்த தண்ணீர், வாஷிங் மெஷின் தண்ணீர் இரண்டும் எந்தக் கிணற்றுக்குள்ளும் போகக்கூடாது. தோட்டத்து மண்ணில் கல்வாழை, வாழை நட்டு அதன் வழியாக விடுவது நல்லது. அடுப்படித் தண்ணீரை அதில் சேர்க்காதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு மண்ணைக் கெடுத்துவிடும்.

எப்போது சுத்தம் செய்வது? மழை பிடித்த பிறகு ஆள் தேடினால் கிடைக்கமாட்டார்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். அதற்குமுன் புரட்டாசியில் மாடியைக் கூட்டி, குழாய் வாயில் இருக்கும் சல்லடையை எடுத்துக் கழுவி, கிணற்றுச் சேற்றை வாரிவிட வேண்டும். மூடிக்கிடந்த கிணற்றுக்குள் திறந்த உடனே ஆளை இறக்காதீர்கள். நச்சுக்காற்று உயிரை எடுத்துவிடும்.

"சாக்கடையில விட்டா சீக்கிரம் வடியும்"

மழை நாளில் முற்றத்துத் தண்ணீர் வடியவில்லையென்று சேம்பர் மூடியைத் திறந்துவிடுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பாதாளச் சாக்கடைக் குழாய் வீட்டுக் கழிவுக்காகக் கணக்கிட்டுப் போட்டது, மழையைத் தாங்காது. உள்ளே திணித்த தண்ணீர் தாழ்வான முனையில் இருக்கும் மேன்ஹோல் வழியாக மலத்தோடு பொங்கி வெளியே வரும், சில வீடுகளில் தரைத்தளக் கழிப்பறை வழியாகவே. இதன் மறுபாதி, கழிவுநீரைத் திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் விடுவது. அது ஏரிக்கும் கூவத்துக்கும் போய்ச் சேர்கிறது.

"கடல் தண்ணியைத்தான் குடிநீராக்கறாங்களே"

மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் நாளுக்குத் தலா 10 கோடி லிட்டர் ஆலைகள் வந்தன. நெம்மேலியில் 2024இல் இன்னொரு 15 கோடி லிட்டர் ஆலையும் சேர்ந்தது. 2019 கோடையில் முதல் இரண்டு ஆலைகளும் இல்லாவிட்டால் பாடு இன்னும் மோசமாகியிருக்கும். ஆனாலும் கடல்நீரிலிருந்து 1,000 லிட்டர் குடிநீர் எடுக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போகிறது. உள்ளே எடுக்கும் கடல்நீரில் பாதிக்கும் மேல் இன்னும் உப்புக் கூடி மறுபடி கடலுக்கே திரும்புகிறது. மாடியில் விழும் மழைக்கு இந்தச் செலவு எதுவும் கிடையாது. 1,000 சதுர அடி மாடியில் ஆண்டுக்கு 1 லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது, 12,000 லிட்டர் லாரிக்கணக்கில் 10 லாரிக்குச் சற்று மேல். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஆலைகள் இதைவிடப் புத்திசாலித்தனமான வேலை என்பது என் கட்சி.

வீட்டு ஆர்.ஓ. பற்றி ஒரு வார்த்தை. 1 லிட்டர் குடிநீருக்கு 2, 3 லிட்டரைக் கழித்துத் தள்ளும் கருவி அது. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 500க்குள் இருக்கும் குழாய்த் தண்ணீருக்கு, உப்பை எடுப்பதற்காக மட்டும் என்றால், அது தேவையே இல்லை, காய்ச்சிக் குடித்தால் போதும். வாங்கிவிட்டீர்கள் என்றால், கழிவுக் குழாயை ஒரு பக்கெட்டில் விட்டு வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏரியை அழகுபடுத்தறோம்"

ஞாயிற்றுக்கிழமை ஏரி சுத்தம் செய்யப் போகிற இளைஞர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் குப்பை பொறுக்கி, கரையில் நடைபாதை போட்டு, நடுவில் தீவு எழுப்பி, சுற்றிக் கான்கிரீட் சுவர் வைப்பதோடு முடிந்துபோனால் அங்கே உருவாவது பூங்கா. ஏரிக்குத் தண்ணீர் வருவது வரத்துக்கால்வாய் வழியாக, நிரம்பினால் வெளியேறுவது கலங்கல் வழியாக. முன்னதை வீட்டுமனைகள் அடைத்திருக்கும், பின்னது தார்ச்சாலைக்கு அடியில் மறைந்திருக்கும். சுவர் வைத்துவிட்டால் பக்கத்து நிலத்திலிருந்து வழியும் கொஞ்சநஞ்சமும் உள்ளே வராது. வேலை தொடங்குமுன் பழைய வருவாய் வரைபடத்தை வாங்கிக்கொண்டு, மழை பெய்யும்போது ஏரியைச் சுற்றி ஒருதரம் நடந்துபாருங்கள். தண்ணீர் எங்கே வந்து முட்டி நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். நீர்ப்பிடிப்புக்குள் மரக்கன்று நடுவதையும் விட்டுவிடலாம். தென்சென்னை ஏரிகளின் உபரி போய்ச் சேரும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. அது மரமில்லாத புல்லும் சேறுமாக இருந்துகொண்டுதான் அத்தனை வெள்ளத்தையும் வாங்கிக்கொள்கிறது.

யாரும் அளப்பதில்லை

மின்சாரத்துக்கு மீட்டர் பார்க்கிறோம், கேஸுக்குத் தேதி குறிக்கிறோம். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கேட்டால் வாட்ச்மேனைப் பார்க்கிறோம். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி விட்டாலே தெரிந்துவிடும். டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மே கடைசியில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை, இரண்டையும் மோட்டார் ரூம் சுவரிலேயே எழுதி வையுங்கள். ஜனவரியில் மட்டம் ஏறவில்லை என்றால் மழைநீர் உள்ளே போகவில்லை, குழியைத் திறந்து பார்க்கவேண்டும். மட்டம் அப்படியே இருக்க டிடிஎஸ் மட்டும் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போனால், கடலோரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கீழேயிருந்து ஏறும் உப்பைத்தான். அப்போது மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைத்துவிட்டு, அண்டை வீட்டுக் கிணற்றையும் அதே மீட்டரில் அளந்து பாருங்கள்.