கொடைக்கானல்: ஓய்வெடுக்கப் போய் அலுத்துத் திரும்புவது ஏன்?

கொடைக்கானலுக்கு ஓய்வெடுக்கப் போன குடும்பம், திரும்பி வந்த அலுப்புத் தீர இன்னொரு நாள் விடுப்பு எடுப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. மலையின் மேல் குற்றமில்லை. சனிக்கிழமை காலையில் ஏறி, ஞாயிறு மாலைக்குள் பன்னிரண்டு 'பாயிண்ட்' பார்த்து இறங்கிவிட வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து போடுகிறோமே, அந்தக் கணக்கில்தான் கோளாறு. மற்ற தவறுகளில் முக்கால்வாசி அதிலிருந்தே கிளைக்கின்றன.

பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கோக்கர்ஸ் வாக், பிரையன்ட் பூங்கா, மோயர் பாயிண்ட், பைன் காடு, குணா குகை, தூண் பாறை, பசுமைப் பள்ளத்தாக்கு என்று நீளும். எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிடுவதாக வேன்காரர் சொல்வார், சொன்னபடி காட்டியும் விடுவார். காட்டுவது எப்படி என்பதைத் தூண் பாறையில் நின்று பார்க்க வேண்டும். வேன் நின்றதும் "இருபது நிமிடம்" என்ற அறிவிப்பு வரும். பாட்டி செருப்பைத் தேடி, தாத்தா மப்ளரைச் சுற்றி, குழந்தையைக் கழிப்பறைக்கு அழைத்துப்போய் வருவதற்குள் பன்னிரண்டு நிமிடம் போய்விடும். கம்பி வேலியருகே வந்தால் எதிரே வெள்ளைப் படுதா. ஏறக்குறைய 400 அடி உயரத்துக்கு நிற்கும் மூன்று பாறைகளும் மூடுபனிக்குள் இருக்கும். அந்த வெள்ளையையே பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் வேனுக்கு ஓடுவார்கள். அங்கே பனி மூடுவதும் விலகுவதும் நிமிடக் கணக்கில் நடக்கிற காரியம். ஒரு தேநீர் வாங்கிக் குடித்துக்கொண்டு அரைமணி நேரம் நிற்கக் கூடியவர்களுக்குப் பாறை பெரும்பாலும் தரிசனம் தரும். இருபது நிமிடக்காரர்களுக்கு அது அதிர்ஷ்டச் சீட்டு.

ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். அவற்றையும் காலையிலேயே முடித்துக்கொள்ளலாம். பைன் காடு, குணா குகை, தூண் பாறை மூன்றும் ஒரே சாலையில் வரிசையாக இருக்கின்றன. சீசன் காலத்து ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அந்தச் சாலைக்குள் நுழைந்தால், மலையைவிட முன்னால் நிற்கிற பஸ்ஸின் பின்புறத்தைத்தான் அதிக நேரம் பார்க்க நேரும்.

ஏரியைப் படகு டிக்கெட்டாகச் சுருக்கிவிடுவது

இதைத்தான் பெரிய இழப்பு என்பேன். கொடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்ததன்று. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர், சதுப்பு நிலத்தில் ஓடிய ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்டி 1863-இல் உருவாக்கினார். சுமார் 60 ஏக்கர் பரப்பு, நட்சத்திரம் போல விரல் விரித்த வடிவம், சுற்றிவரச் சுமார் 5 கிலோமீட்டர் சாலை. விரல்களுக்கிடையே சாலை வளைந்து வளைந்து போவதால் ஒரே இடத்திலிருந்து முழு ஏரியும் கண்ணில் படாது. நடந்தால்தான் ஒவ்வொரு மூலையாகத் திறந்துகொள்ளும்.

நாம் செய்வதோ வேறு. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படகுத்துறைக்கு வந்து, வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, அரைமணி நேரம் மிதி படகை மிதித்துவிட்டு, "ஏரி பார்த்தாயிற்று" என்று பட்டியலில் ஒரு கோடு கிழிக்கிறோம். படகு வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசை நீளுவதற்கு முன் காலையில் ஏறிவிடுங்கள். உயிர்காப்பு உடுப்பில் சிறுவர்களுக்கான அளவைக் கேட்டு வாங்குங்கள். பெரியவர் உடுப்பைச் சிறு பிள்ளைக்கு மாட்டி, வார் முகவாய்வரை ஏறி நிற்பதைப் பார்த்தும் பார்க்காமல் அனுப்புவது பாதுகாப்பாகாது.

ஏழு மணி வாக்கில் ஏரிச் சாலையில் வண்டிகள் குறைவு. தண்ணீரின் மேல் ஆவி எழுந்து நகர்ந்துகொண்டிருக்கும். குழந்தைகள் வாடகை சைக்கிள் ஓட்டுவதற்கும் அதுதான் நேரம். பத்து மணிக்கு மேல் அதே சாலையில் காரும் குதிரையும் கலந்துவிடும். குதிரைச் சவாரிக்குப் பேரம் பேசும்போது "எவ்வளவு நேரம்" என்று கேட்காமல், "எதுவரை போய்த் திரும்பும்" என்று கேளுங்கள். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் முழுச் சுற்றும் நடக்க வேண்டியதில்லை. ஒரு பெஞ்சில் அவர்களை உட்கார வைத்து, வேகவைத்த சோளக்கதிர் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால், பிள்ளைகள் சுற்றி வருவதற்குள் பக்கத்தில் இருப்பவரின் ஊர், உறவு எல்லாம் விசாரித்து முடித்திருப்பார்கள். அதுவும் ஓய்வுதான்.

இரவெல்லாம் ஓட்டி, விடியலில் மலை ஏறுவது

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து சென்னையில் கிளம்பி, இரவு முழுக்கக் கார் ஓட்டி, விடியற்காலை வத்தலக்குண்டில் தேநீர் குடித்துவிட்டு மலை ஏறுகிறவர்கள் ஏராளம். ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிய கண், கொண்டை ஊசி வளைவும் மூடுபனியும் தொடங்கும் நேரத்தில்தான் சொருகும். இரவு ரயிலில் வந்து, காலையில் மலைப்பாதை பழகிய ஓட்டுநரின் வண்டியில் ஏறுவது எவ்வளவோ மேல். ஆனால் ஒன்று: கொடைக்கானல் ரோடு என்ற ரயில் நிலையம் மலையில் இல்லை. அது சமவெளியில், ஊரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பெயரைப் பார்த்து, இறங்கியதும் ஏரி என்று நினைத்து வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சொந்த வண்டியில்தான் போவீர்கள் என்றால், பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்லும் விதி இன்றும் செல்லும்: எந்தக் கியரில் ஏறுகிறீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே கால் வைத்திருந்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். ரப்பர் கருகும் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிட வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும்.

வாந்திக்குக் காரணம் உணவு மட்டும் என்று நினைத்துப் பிள்ளைகளைப் பட்டினி போட வேண்டாம். வளைவுகளில் உடல் அசைவதை உட்காது உணர்கிறது. கண்ணோ கையிலிருக்கும் கைப்பேசியில் அசையாமல் நிற்கிறது. இரண்டும் முரண்படும்போதுதான் குமட்டுகிறது. கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு இட்லி போதும். நெய் வழியும் பொங்கலும் வடையும் மேலே போய்ச் சேர்ந்த பிறகு. மாத்திரை கொடுப்பதென்றால் மருத்துவரைக் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். வாந்தி தொடங்கியபின் பயன் குறைவு. காது அடைப்பதால் அழும் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால், விழுங்க விழுங்க அடைப்பு விலகும்.

வழியில் டம் டம் பாறையில் நிறுத்துங்கள். எதிர் மலையில் வெள்ளைக் கோடாக விழும் தலையாறு அருவி ஏறக்குறைய 297 மீட்டர் உயரம். எலிவால் அருவி என்ற பெயர் ஏன் வந்தது என்று பார்த்தவுடன் புரியும்.

சோதனைச் சாவடியில் விழிப்பது

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. கோடைக் கூட்டத்தின்போது ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று உச்சவரம்பும் வைக்கிறார்கள். ஆகவே அறையை மட்டும் பதிவு செய்துவிட்டு, பாஸ் விஷயத்தைச் சாவடியில் சிக்னல் தேடிக்கொண்டே பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பானப் பாட்டில்களை மலைக்குக் கொண்டுவரத் தடை இருக்கிறது. வீட்டு எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறையைப் படத்தைப் பார்த்தே பதிவு செய்வது

இணையப் படங்களில் எல்லா அறையும் ஏரியைப் பார்த்தே இருக்கிறது. படத்தில் தெரியாத மூன்று கேள்விகளைத் தொலைபேசியில் கேளுங்கள். வாசல்வரை கார் வருமா? அறைக்கு எத்தனை படி ஏற வேண்டும்? வெந்நீர் எந்த நேரத்தில் வரும்? மலைச்சரிவில் கட்டிய காட்டேஜ்களில் சாலையிலிருந்து அறைக்கு ஈரப் படிகளில் இறங்க வேண்டியிருக்கும். இளைஞர்களுக்கு அது அழகு. முழங்கால் தேய்ந்த அம்மாவுக்கோ ஒருமுறை இறங்கினால் மறுநாள்வரை அறைதான் சிறை.

சமையலறை உள்ள வீடாக எடுத்தால் குக்கர் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வைத்த பருப்பு வேகவில்லையே என்று மருமகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

மே மாதம்தானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டு வருவதும், குளிர்கிறதே என்று வெயிலை மறந்துவிடுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். கோடையிலும் இரவு 12 டிகிரி வாக்கில் இறங்கும். பகலில் உயரம் காரணமாகப் புற ஊதாக் கதிர் கூடுதலாகப் படும். படகில் இருந்த பிள்ளைகளின் மூக்கு மாலையில் சிவந்து தோலுரிய அதுதான் காரணம்.

மன்னவனூரை அரைநாளில் சொருகுவது

நகரக் கூட்டத்திலிருந்து விலக வேண்டும் என்றால் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போங்கள். ஆனால் ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் விளையும் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குழந்தை வேலப்பர் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம், புல்வெளி, சிறிய ஏரி. பிள்ளைகள் ஓடி விளையாட இதைவிட நல்ல இடம் தூண் பாறைச் சாலையில் கிடையாது. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். யானை நடமாட்டம் இருந்தால் அடைத்துவிடுவார்கள். அதை நம்பி ஒரு நாளையே திட்டமிடாதீர்கள். அது பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி என்பதால், தண்ணீரில் கால் நனைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள்.

இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்புங்கள். பனி ஒரு காரணம், காட்டுமாடு இன்னொரு காரணம். நகரத் தெருக்களிலேயே அது நிதானமாக நடந்து வரும். வளர்ந்த ஆண் ஒரு டன் எடைவரை இருக்கும். பசு மாதிரிதானே என்று கைப்பேசியோடு நெருங்குவதும், ஃபிளாஷ் அடிப்பதும், ஹாரன் அடித்து விரட்டுவதும் ஆபத்து. அது போகும்வரை தள்ளி நின்றால் போதும்.

வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறைக்கு இறங்கும் பாதை பற்றி ஒரே வார்த்தை: இறங்குகிற ஒவ்வொரு அடியையும் திரும்ப ஏற வேண்டும். பாறை நுனியில் வேலி இல்லை. சிறு பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் வந்தவர்கள் தவிர்த்துவிடலாம்.

எப்போது போவது? பள்ளி விடுமுறையைத் தாண்டி யோசிக்க முடிந்தால் பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வார நாட்கள். மே மாதம்தான் முடியும் என்றால் திங்கள் ஏறி வியாழன் இறங்குங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி கடைசியாக 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. அந்த ஆண்டுக் கூட்டத்தை இப்போதே ஊகித்துக்கொள்ளலாம்.

இறங்கும்போது எல்லோரும் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வத்தலக்குண்டு வழியாகவே இறங்குகிறார்கள். கோவை, திருப்பூர் பக்கம் போகிறவர்களுக்குப் பெருமாள்மலையில் பிரியும் பழனிச் சாலை இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து பழனிக்குச் சுமார் 64 கிலோமீட்டர். அந்த வழியாக இறங்கினால், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், முருகனையும் பார்த்துவிட்டே போவோம்" என்று வண்டிக்குள் கட்டாயம் ஒரு குரல் எழும். மலையிறங்கிய களைப்போடு இழுவை ரயில் வரிசையில் போய் நிற்காதீர்கள். இரவு அடிவாரத்தில் தங்கிவிட்டு, காலையில் ஏறுங்கள்.