காய்ச்சல் மருந்துக்கு ஒரு போட்டோ

குழந்தைக்கு சிரப் கொடுக்கும்போதெல்லாம், பாட்டிலின் லேபிளும் அளந்து வைத்த மூடியும் சேர்ந்து தெரிகிற மாதிரி போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். கோத்தகிரியிலிருந்தோ ஊட்டியிலிருந்தோ மேல்சிகிச்சைக்காகக் கோவை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினால், அங்கே டாக்டர் முதலில் கேட்பதே "என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு?" என்றுதான். ராத்திரியெல்லாம் அம்மாவும் பாட்டியும் மாறி மாறிப் பார்த்த வீட்டில் ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். போட்டோவில் நேரம் தானாகப் பதிவாகியிருக்கும்.

லேபிள் தெரிவதுதான் முக்கியம். பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. "ஒரு மூடி கொடுத்தோம்" என்று சொன்னால் அளவு இரண்டு மடங்கு வரை மாறிப்போகும். அடுத்த வேளைக்கு குறைந்தது நான்கு மணி நேரம் ஆகிவிட்டதா என்று பார்க்கவும் அதே போட்டோ போதும்.

எடுத்த போனையே கையோடு கொண்டுபோங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் அனுப்பிய நேரம்தான் காட்டும், மலைப்பாதையில் சிக்னலும் பாதி இடத்தில் கிடைக்காது.

வார்டில் சேர்த்த பிறகு இது வேண்டாம். நர்ஸ் கொடுப்பதைச் சார்ட்டில் எழுதுவார், நீங்களாக எதுவும் கொடுக்கவும் கூடாது. வலிப்பு, மூச்சுத் திணறல், தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டு கிடப்பது என்றால் போட்டோவெல்லாம் அப்புறம், உடனே 108.