டயர் பிரஷர் விளக்கு: பிக்கப் ஓட்டுநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த சித்திரையில் பள்ளிகொண்டாவுக்கு அருகே நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க் ஒன்றில், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் மூட்டைகளை ஏற்றிய பிக்கப்பின் பின்சக்கரத்தருகே ஓர் இளைஞர் குந்தி அமர்ந்து, ஸ்க்ரூ டிரைவர் முனையால் வால்வு பின்னை அழுத்திக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. ஏன் இறக்குகிறீர்கள் என்று கேட்டேன். "அம்பத்தேழு காட்டுதுண்ணா, இந்த வெயில்ல வெடிச்சிடும்" என்றார். சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதே எண்ணைப் பார்த்து, இதே அச்சத்தில், இதே காரியத்தைச் செய்தவன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆணி ஏறியதையும் வால்வு மூடி தொலைந்ததையும் எவரும் தாமே கண்டுகொள்வார்கள் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சூடான டயரிலிருந்து காற்றை இறக்குவது

கதவை ஒட்டிய தகட்டில் உற்பத்தியாளர் குறித்திருக்கும் அளவு, குளிர்ந்த டயருக்கான அளவு. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நிழலில் நின்ற பிறகு, அல்லது ஓரிரு கிலோமீட்டருக்கு மேல் ஓடாத நிலையில் பார்ப்பதே குளிர்ந்த அளவு. ஓடும்போது டயர் சூடாகி உள்ளே அழுத்தம் உயர்வது இயல்பு. அந்த உயர்வையும் கணக்கில் கொண்டுதான் டயரை வடிவமைக்கிறார்கள்.

என் வண்டியின் பின் டயர்களுக்குச் சுமையோடு 50 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு). கடையில் வாங்கிப் பொருத்திய, டயர் அழுத்தத்தை அளந்து திரையில் காட்டும் சென்சார்களை, 40-க்குக் கீழே போனால் விளக்கு எரிந்து எச்சரிக்கும்படி அமைத்திருந்தேன். ஒரு மே மாத நண்பகலில், வாலாஜாவைத் தாண்டி நிறுத்தியபோது திரையில் 57 தெரிந்தது. வெயில் காலத்தில் காற்று குறைவாக இருப்பதே நல்லது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே 45 வரை இறக்கினேன். மறுநாள் விடியலில் அதே டயர்கள் 39 காட்டின, விளக்கும் எரிந்தது. நேற்றுத்தான் என் கையாலேயே சரிசெய்தேன், எனவே சென்சார்தான் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டிச் சுமையோடு புறப்பட்டேன். இராணிப்பேட்டை வருவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது.

அது அணைந்ததுதான் என்னை முழுமையாக ஏமாற்றியது. டயரில் காற்று கூடவில்லை. இருந்த குறைந்த காற்று சூடேறியதால் அழுத்தம் எச்சரிக்கை எல்லைக்கு மேலே வந்திருந்தது, அவ்வளவே. ஆனால் காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவரில் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பே வெப்பத்தை உண்டாக்குகிறது. வெடிப்புக்கு அஞ்சிக் காற்றை இறக்குபவர், வெடிப்புக்குக் காரணமான வெப்பத்தைத் தாமே வளர்க்கிறார்.

தினமும் காலையில் எரிவதும் சிறிது தூரத்தில் அணைவதுமாக மூன்று வாரங்கள் ஓட்டினேன். பிறகு ஒரு நாள் இடது பின் டயரின் பக்கச் சுவர் கிழிந்து, வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ச் சாலையோர மண்ணில் நின்றது. பஞ்சர் கடையில் டயரை ரிம்மிலிருந்து கழற்றிச் சாய்த்தபோது, உள்ளேயிருந்து கரிப்பொடியைப் போல ரப்பர்த் தூள் கை நிறையக் கொட்டியது. காற்றுக் குறைவாக நெடுநாள் ஓடிய டயருக்கு அதுவே சாட்சி. வலது டயரிலும் உள்சுவர் தேய்ந்து தூள் கட்டியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தபோது இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி மட்டும் புதிதாக இருந்தது. இரண்டு டயர்களையும் மாற்றினேன். ஏற்றியிருந்த காய்கள் அன்றைய சந்தையைத் தவறவிட்டன. இந்த இழப்பு முழுவதும் ஒரு நிமிடம் வால்வை அழுத்தியதால் வந்தது என்பதை இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை. இன்னொருவர் அதைச் செய்வதைப் பார்த்தால் வண்டியை நிறுத்திச் சொல்லாமல் என்னால் கடந்து போக முடிவதில்லை.

சூடான நிலையில் டயர் குறைவாகக் காட்டினால் மட்டும் காற்றைச் சேர்க்கலாம். மறுநாள் காலையில் குளிர்ந்த அளவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கியவுடன் பார்க்கும் எண்ணில், பிரேக்கின் வெப்பமும் சேர்ந்திருக்கும். அதை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள்.

மார்கழிக் காலை விளக்கைப் பொருட்படுத்தாமல் விடுவது

50 பிஎஸ்ஐ உள்ள டயரில், வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் சுமார் 2 பிஎஸ்ஐ குறையும். வேலூரில் மே மாதப் பகல் 40 டிகிரியைத் தாண்டும். மார்கழி விடியல் 20-ஐ ஒட்டி வரும். ஆகவே கோடையில் பார்த்ததோடு விட்டு, ஏற்கெனவே காற்று சற்றுக் குறைந்த டயர், குளிர் காலையில் எச்சரிக்கை எல்லைக்குக் கீழே போகக்கூடும். அந்தக் காலையிலேயே நிரப்புங்கள்.

மினுக்குவதையும் நிலையாக எரிவதையும் ஒன்றாகக் கருதுவது

கம்பெனியிலிருந்தே இந்த வசதியோடு வரும் பெரும்பாலான வண்டிகளில், வண்டியை இயக்கியதும் விளக்கு ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை நிமிடம் மினுக்கிப் பிறகு நிலையாக எரிந்தால், கோளாறு காற்றில் இல்லை, கருவியில் இருக்கிறது. ரிம்முக்குள் இருக்கும் சென்சாரின் பேட்டரி பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள் உழைக்கும். தீர்ந்தால் பெரும்பாலும் சென்சாரையே மாற்ற வேண்டும்.

காற்றைப் பார்க்காமல் ரீசெட் செய்வது

சில வண்டிகளில் டயருக்குள் சென்சாரே கிடையாது. காற்று குறைந்த சக்கரம் சற்றே சிறுத்து மற்றவற்றைவிட வேகமாகச் சுழல்வதை ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார் வழியே கண்டறிகிறார்கள். குறைந்த காற்றோடு ரீசெட் பொத்தானை அழுத்தினால், அந்தக் குறைவையே சரியான அளவாக வண்டி கற்றுக்கொள்ளும்.

வெளியே பொருத்தும் சென்சாரைச் சோதிக்காமல் நம்புவது

வால்வின் மேல் மூடிபோலத் திருகும் சென்சார், வால்வு பின்னை எப்போதும் அழுத்தித் திறந்தே வைத்திருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் ஒன்றுதான் காற்றைத் தடுக்கிறது. திருகிய பின் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். எச்சரிக்கும் கருவியே கசிவுக்குக் காரணமாக இருந்ததை நான் இருமுறை கண்டிருக்கிறேன். ரப்பர் வால்வு இந்தக் கூடுதல் எடையைத் தாங்கி ஆடி ஆடி அடியில் வெடிப்பு விடும். உலோக வால்வுக்கு மாற்றிவிடுவது பாதுகாப்பு.

பஞ்சர் கடையில் சொல்லாமல் இருப்பது

உள்ளே சென்சார் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லுங்கள். லிவர் கம்பியின் ஓர் அழுத்தில் அது உடையும்.

டயரின் பக்கச் சுவரில் அச்சிட்ட எண்ணை நிரப்புவது

அது டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் வண்டிக்கு உரிய அளவு கதவுத் தகட்டில் உள்ளது.

ஸ்டெப்னியை மறப்பது

சில பிக்கப்களில் ஸ்டெப்னிக்கும் சென்சார் உண்டு. நான்கு டயர்களும் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், வண்டிக்கு அடியில் குனிந்து ஐந்தாவதையும் பாருங்கள்.